கை லேசானால் அம்பு மெதுவாகுமா?

ஹாங்சோ நகரில் 2023ஆம் ஆண்டு நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், காம்பவுண்ட் வில் பிரிவின் 5 தங்கப் பதக்கங்களையும் இந்தியாவே வென்றது. விஜயவாடாவைச் சேர்ந்த ஜோதி சுரேகா வென்னம் 3 தங்கம் பெற்றார். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஓஜஸ் தேவ்தலேயும் 3 தங்கம் பெற்றார். மூன்றும் மூன்றும் ஆறல்லவா என்று மாணவர்கள் கேட்பார்கள். கலப்பு அணித் தங்கம் இருவருக்கும் பொது. இறுதிச் சுற்றின் காணொலியை உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டியபோது, ஒரு மாணவி எழுந்து கேட்டாள்:

"அந்த வில்ல மொதல்ல சிரமப்பட்டு இழுக்கறாங்க. கடைசீல கை லேசாயிருதுங்க சார். லேசாப் புடிச்சு உட்டா அம்பு எப்படிங்க சார் வேகமாப் போகும்?"

நல்ல கேள்வி. இதே கேள்வி வேறு வடிவில் வில்வித்தைப் பயிற்சிக் களங்களிலும் உலவுகிறது. "லெட்-ஆஃபைக் குறைத்து வை, அம்பு வேகமாகப் போகும்" என்ற ஆலோசனையை இன்றும் கேட்கலாம். எங்கள் வெள்ளகோவில் பகுதியில் தறி ஓட்டியும் மில் வேலைக்குப் போயும் சேர்த்த பணத்தில் பிள்ளைக்கு வில் வாங்கித் தரும் பெற்றோருக்கு இது சின்ன விஷயம் அல்ல. போட்டிக்கு ஏற்ற ஒரு காம்பவுண்ட் வில்லும் அதன் துணைக்கருவிகளும் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அதைத் தவறாக அமைத்துக்கொண்டு பிள்ளை தடுமாறினால், "உனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனவே இந்தக் கேள்விக்கு அறிவியல் ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து விடை தெரிந்துகொள்வது நல்லது.

லெட்-ஆஃப் என்பது என்ன?

சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்க விசை ஏறிக்கொண்டே போகும். முழுவதும் இழுத்த நிலையில்தான் கனம் மிக அதிகம். அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டுதான் குறி பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் இந்தச் சிரமத்துக்கு ஒரு வழி கண்டார். வில்லின் இரு முனைகளிலும் அச்சு விலகிய சக்கரங்களைப் பொருத்தினார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் அது கிடைத்தது. அதுவே காம்பவுண்ட் வில்லின் தொடக்கம். இதை இழுக்கும்போது விசை சட்டென ஏறி உச்சத்தைத் தொடும், சிறிது தொலைவு அப்படியே நீடிக்கும், கடைசிச் சில அங்குலங்களில் சரிந்துவிடும். உச்ச விசையில் எத்தனை விழுக்காடு குறைகிறதோ, அதுவே லெட்-ஆஃப். 250 நியூட்டன் உச்ச விசையுள்ள வில்லில் 80 விழுக்காடு லெட்-ஆஃப் என்றால், முழுதும் இழுத்தபின் கையில் நிற்பது 50 நியூட்டன் மட்டுமே. ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பது போல. இதைப் பிடிவிசை என்று அழைப்போம்.

இன்றைய வில்களில் லெட்-ஆஃப் பெரும்பாலும் 65 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. பலவற்றில் இதை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

விசை ஏன் சரிகிறது என்பதைக் கிணற்று உருளையிலிருந்து தொடங்கலாம். உருளை வட்டமானது, அச்சு அதன் நடுவில் இருக்கிறது. வாளி எந்த உயரத்தில் இருந்தாலும் கையில் தெரியும் கனம் ஒன்றுதான். அச்சை நடுவிலிருந்து தள்ளி வைத்தால், உருளை சுற்றும்போது கயிறு தொடும் இடத்தின் ஆரம் மாறிக்கொண்டே இருக்கும், கனமும் ஏறி இறங்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. விசைத்தறியில் பாவு இழைகளை மேலும் கீழுமாகப் பிரித்துவிடும் வட்டமில்லாத சக்கரத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வில்லில் உள்ள இந்தச் சக்கரத்துக்குக் கேம் என்று பெயர். அதன் ஒரு தடத்தில் நாண் சுற்றியிருக்கும், இன்னொரு தடத்தில் கேபிள் சுற்றியிருக்கும். எளிமையாகச் சொன்னால், நாணின் விசையை நாண் பக்க ஆரத்தால் பெருக்கினால் வருவதும், கேபிளின் இழுவிசையைக் கேபிள் பக்க ஆரத்தால் பெருக்கினால் வருவதும் சமம். பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் திருப்புத்திறன் தத்துவம்தான். முழுவதும் இழுத்த நிலையில் வில்லின் கைகள் மிக அதிகமாக வளைந்திருக்கின்றன, கேபிளில் இழுவிசையும் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் அப்போது கேபிள் பக்க ஆரம் சிறுத்து, நாண் பக்க ஆரம் பெருத்துவிடுவதால், சின்ன விசையே பெரிய விசையைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே கை லேசானதால் வில் லேசாகிவிடவில்லை. இழுத்துச் சேர்த்த ஆற்றல் முழுவதும் வளைந்த கைகளுக்குள்ளேயே இருக்கிறது. இதுதான் அந்த மாணவிக்கான முதல் பதில். நாணை விட்டதும் வந்த பாதையிலேயே விசை திரும்புகிறது. தொடக்கத்தில் 50 நியூட்டன் அளவில் அம்பை மெல்லத் தள்ளுகிறது, பிறகு 250 வரை ஏறி உந்துகிறது, கடைசியில் குறைந்து அம்பை விடுவிக்கிறது. மொத்தமும் கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுவதால் இந்த ஏற்ற இறக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பரப்பளவை எண்ணுவோம்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில், மாறும் விசை செய்யும் வேலையை வரைபடத்தின் கீழுள்ள பரப்பாகக் கணக்கிடுகிறோம். எட்டாம் வகுப்பு மாணவரும் கட்டங்களை எண்ணி இதைச் செய்துவிட முடியும். கிடை அச்சில் இழுத்த தொலைவு, நிலை அச்சில் விசை. பின்வரும் எண்கள் கணக்குக்காக நான் எளிமையாக்கிக்கொண்டவை. உண்மையான வில்லின் கோடு இவ்வளவு நேராக இருக்காது, ஆனால் முடிவின் போக்கு மாறாது.

நாண் நகரும் மொத்தத் தொலைவு 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் 15 செ.மீ.யில் விசை பூச்சியத்திலிருந்து 250 நியூட்டனுக்கு ஏறுகிறது. இது ஒரு முக்கோணம், பரப்பு 18.75 ஜூல். அடுத்த 25 செ.மீ. 250 நியூட்டனிலேயே நிற்கிறது. இது செவ்வகம், 62.5 ஜூல். கடைசி 10 செ.மீ.யில் 250இலிருந்து 50க்குச் சரிகிறது. இது சரிவகம், 15 ஜூல். மொத்தம் 96.25 ஜூல்.

இதே 250 நியூட்டன் உச்ச விசையும் 50 செ.மீ. தொலைவும் கொண்ட சாதாரண வில்லில், விசை நேர்கோடாக ஏறுவதாகக் கொண்டால், கிடைப்பது 62.5 ஜூல்தான். கடைசியில் 250 நியூட்டனைத் தாங்கிப் பிடித்தவரின் வில்லில் ஆற்றல் குறைவு, 50 நியூட்டனைப் பிடித்தவரின் வில்லில் அதிகம். பிடிவிசை அம்பின் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

நம் மனத்தில் இந்த இரண்டும் ஒன்றாகிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண வில்லில் உச்ச விசையும் பிடிவிசையும் ஒன்றேதான், பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு 'வல்வில்' என்ற அடைமொழி வந்தது. அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாடல் கூறுகிறது. அந்த வில்லின் வலிமையை, அதை இழுத்துப் பிடிக்கும் சிரமத்தைக் கொண்டே மதிப்பிட்டிருப்பார்கள். (ஆடி மாதத்தில் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. நாமக்கல் பக்கத்து ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டலாம்.)

லெட்-ஆஃபை மாற்றினால் எவ்வளவு மாறும்?

இழுக்கும் தொலைவையும் உச்ச விசையையும் தொடாமல், கேமின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி லெட்-ஆஃபை 65 விழுக்காடாகக் குறைக்கிறோம் என்று கொள்வோம். பிடிவிசை 87.5 நியூட்டன் ஆகிறது. முக்கோணமும் செவ்வகமும் மாறவில்லை. கடைசிச் சரிவகம் மட்டும் 15 ஜூலிலிருந்து 16.875 ஜூலாக வளர்கிறது. மொத்தம் 98.125 ஜூல். 90 விழுக்காடாக உயர்த்தினால் சரிவகம் 13.75, மொத்தம் 95 ஜூல்.

இதில் ஐந்தில் நான்கு பங்கு அம்புக்குப் போய்ச் சேர்கிறது என்றும், மீதி வில்லின் அதிர்விலும் ஒலியிலும் நாணின் அசைவிலும் போகிறது என்றும் எடுத்துக்கொள்வோம். அம்பின் நிறை 25 கிராம். இயக்க ஆற்றல் சூத்திரத்தில் இட்டால், 65 விழுக்காட்டில் அம்பின் வேகம் வினாடிக்கு 79.2 மீட்டர், 80இல் 78.5 மீட்டர், 90இல் 78.0 மீட்டர்.

லெட்-ஆஃபை 65இலிருந்து 90க்குக் கொண்டுபோனால் கையில் இருக்கும் கனம் 87.5இலிருந்து 25 நியூட்டனாக, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. வேகமோ நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் குறையவில்லை. காரணத்தை வரைபடமே சொல்லிவிடும். லெட்-ஆஃப் தொடுவது வரைபடத்தின் கடைசி ஓரத்தை மட்டும். ஆற்றலின் பெரும்பகுதி அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. தவிர, வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், ஆற்றலில் வரும் சிறு வேறுபாடு வேகத்தில் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அதே 80 விழுக்காடு லெட்-ஆஃபில், உச்ச விசை நீடிக்கும் பகுதியை 2.5 செ.மீ. நீட்டினால் வேகம் 81 மீட்டர் ஆகிறது. உச்ச விசையைப் பத்து விழுக்காடு கூட்டினால் 82.3 மீட்டர். 25 கிராம் அம்புக்குப் பதில் 20 கிராம் அம்பைத் தொடுத்தால் கணக்கில் 87 மீட்டரைத் தாண்டுகிறது. நடைமுறையில் சற்றுக் குறையும், ஏனெனில் லேசான அம்பு வில்லிடமிருந்து ஆற்றலைப் பெற்றுக்கொள்வதில் அவ்வளவு திறமை காட்டாது. வேகம் வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடங்கள் இவை.

இனி ஒரு விசித்திரம். பல வில்களில் லெட்-ஆஃபை மாற்றுவது கேமில் உள்ள ஒரு சிறு தடுப்பை நகர்த்தித்தான். நாண் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை அந்தத் தடுப்பு தீர்மானிக்கிறது. நம் எடுத்துக்காட்டு வில்லில் தடுப்பை ஒரு செ.மீ. பின்னுக்குத் தள்ளினால், நாண் சரிவில் இன்னும் ஒரு செ.மீ. இறங்கி, 30 நியூட்டனில் போய் நிற்கும். லெட்-ஆஃப் 88 விழுக்காடாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு செ.மீ. தொலைவையும் நாம் விசை கொடுத்துத்தான் இழுத்தோம். சராசரி 40 நியூட்டன் என்பதால் 0.4 ஜூல் கூடுதலாகச் சேர்கிறது. வேகம் 78.5 அல்ல, 78.6 அல்லது 78.7 மீட்டர். லெட்-ஆஃபும் கூடுகிறது, வேகமும் துளியளவு கூடுகிறது! கேமின் பகுதியை மாற்றியபோது எதிர்த் திசையில் அல்லவா போயிற்று?

"லெட்-ஆஃப் கூடினால் வேகம் குறையும்" என்று ஒருவரும், "எனக்கு அப்படி ஆகவில்லையே" என்று இன்னொருவரும் வாதாடுவது இதனால்தான். முதலாமவர் இழுக்கும் தொலைவை மாற்றாமல் லெட்-ஆஃபை மாற்றினார், இரண்டாமவர் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டார். சோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்று நாம் ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிவருவதற்கு இவ்வளவு சுவையான எடுத்துக்காட்டு எனக்கு வேறு கிடைத்ததில்லை.

விளம்பரங்களில் வரும் வேகத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வில் நிறுவனங்கள் அறிவிக்கும் வேகம் பெரும்பாலும் 70 பவுண்டு உச்ச விசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் அம்பு என்ற அளவில் எடுக்கப்படுவது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளிலோ 60 பவுண்டுக்கு மேல் அனுமதி இல்லை. கை நீளம் குறைந்த நம் மாணவர்களுக்கு 30 அங்குலமும் பொருந்தாது. அட்டையில் உள்ள வேகத்தை நம்பி வாங்கிவிட்டு, அது வரவில்லையென்று லெட்-ஆஃபைக் குறை சொல்வதில் பயனில்லை. இந்த விளையாட்டில் பவுண்டு, அங்குலம், கிரெய்ன், அடி என்று எல்லாமே பழைய அலகுகள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அலகு மாற்றப் பயிற்சிக்குக் கணக்கு ஆசிரியருக்கு இலவசமாகக் கிடைத்த வினாத்தாள் இது. 350 கிரெய்ன் என்பது ஏறக்குறைய 22.7 கிராம், 60 பவுண்டு விசை என்பது ஏறக்குறைய 267 நியூட்டன்.

அப்படியானால் லெட்-ஆஃப் எதற்கு?

குறி பார்ப்பதற்கு. காம்பவுண்ட் பிரிவில் தகுதிச் சுற்றுக்கு 50 மீட்டர் தொலைவிலிருந்து 72 அம்புகள் எய்ய வேண்டும். ஒவ்வொரு அம்புக்கும் சில வினாடிகள் பிடித்து நிற்க வேண்டும். முதல் அம்பில் தெரியாத கனம் அறுபதாவது அம்பில் தோளில் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் வில்லில் உச்ச விசை 180 நியூட்டன் அளவுக்குத்தான் இருக்கும். "வேகம் கூடும்" என்று யாரோ சொல்ல, 80 விழுக்காட்டிலிருந்து 65க்கு மாற்றிக்கொண்டாள். பிடிவிசை 36இலிருந்து 63 நியூட்டன் ஆனது. சிறிய வில்லிலும் விகிதம் மாறாது என்பதால், அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேகம் நூற்றுக்கு ஒரு பங்குதான். அதற்கு விலையாக அவள் கொடுத்தது கை நடுக்கம். பழைய அளவுக்குத் திரும்பிய பிறகுதான் அவளுடைய அம்புகள் மறுபடி ஒரே இடத்தில் கூடத் தொடங்கின.

அதற்காக லெட்-ஆஃப் கூடக் கூட நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. பிடிவிசை மிகவும் குறைந்தால் நாண் தொய்வாக உணரப்படும். முகத்திலோ சட்டைக் கையிலோ லேசாக உரசினாலும் நாண் பக்கவாட்டில் விலகும். முதுகுத் தசைகளில் இறுக்கம் தளர்ந்து, எய்பவர் தன்னை அறியாமலேயே நாணைச் சிறிது முன்னே விட்டுவிடுவார். வேட்டைக்கான வில்களில் 80க்கு மேல் வைக்கும்போது, குறிப்பலகைப் போட்டியாளர்கள் பலர் சற்றுக் குறைவான லெட்-ஆஃபை விரும்புவது இதனால்தான். அவர்கள் தேடுவது வேகத்தை அல்ல, கையில் ஒரு நிதானமான இறுக்கத்தை. ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது. மாணவரின் தோள் வலிமை, அவர் எத்தனை அம்புகள் சோர்வின்றி எய்கிறார், அவை எவ்வளவு நெருக்கமாகச் சேர்கின்றன என்பவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது இது.

ஜம்மு பகுதியின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர். காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து எய்கிறார். பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணி வெண்கலம் வென்றார். முழு கனத்தையும் கடைசிவரை தாங்க வேண்டிய சாதாரண வில்லில் இது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், ஆலன் பொருத்திய சக்கரங்களின் மதிப்பு புரியும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது. தேசியப் பள்ளி விளையாட்டுகளிலும் காம்பவுண்ட் ஒரு பிரிவு. இனி நம் பள்ளிகளிலும் இந்தக் கேள்விகள் அதிகமாக வரும்.

வில் இல்லாமல் வகுப்பறையில்

எந்தப் பள்ளியிலும் இதைச் செய்து காட்டலாம். எங்கள் பகுதியில் காலி நூல் கோன்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கோனின் நடுவே நேரான கம்பியைச் செருகி, கோன் கம்பியோடு வழுக்காமல் சுற்றும்படி இறுக்கி, இரண்டு மேசைகளுக்கு இடையில் கிடையாக வையுங்கள். அகன்ற முனையில் ஒரு நூலையும், குறுகிய முனையில் எதிர்த் திசையில் ஒரு நூலையும் சுற்றித் தொங்கவிடுங்கள். குறுகிய பக்கம் 200 கிராம் தொங்கும்போது, அகன்ற பக்கம் எவ்வளவு தொங்கவிட்டால் சமநிலை வருகிறது என்று மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும். இரு முனைகளின் ஆரங்களையும் அளந்தால் விகிதம் பொருந்துவதைக் காண்பார்கள். பிறகு தடித்த அட்டையில் வட்டம் வெட்டி, நடுவிலிருந்து தள்ளித் துளையிட்டு, சுருள்வில் தராசால் சுற்ற வையுங்கள். முள் ஏறி இறங்குவதே லெட்-ஆஃப். சைக்கிள் டியூப் பட்டையைத் தராசால் இழுத்து, 2 செ.மீ.க்கு ஒருமுறை விசையைக் குறித்து வரைபடத்தாளில் கட்டங்களை எண்ணினால், பரப்பும் கைக்கு வந்துவிடும்.

உண்மையான வில் கைக்கு வந்தால் இரண்டு எச்சரிக்கைகள். அம்பு தொடுக்காமல் நாணை விடவே கூடாது. போக வழியில்லாத ஆற்றல் வில்லையே பிளந்து, கைக்கும் முகத்துக்கும் காயம் உண்டாக்கும். இழுத்த நாணை எய்யாமல் திரும்ப விடும்போது, 50 நியூட்டன் சட்டென 250 ஆகிக் கையை முன்னே பிடுங்கும். லெட்-ஆஃப் அதிகமாக இருக்கும் வில்லில் இந்தத் தாவலும் பெரிது. பயிற்றுநர் அருகில் இல்லாமல் இதைச் செய்ய விடாதீர்கள்.

லெட்-ஆஃபை மாற்றிய பிறகு குறிக்கருவியையும் மறுபடி சரிசெய்தாக வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், வினாடிக்கு 78.5 மீட்டரில் செல்லும் அம்பு 50 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் ஏறக்குறைய 199 செ.மீ. இறங்குகிறது. 78 மீட்டரில் செல்வது 201 செ.மீ.யைத் தாண்டி இறங்குகிறது. வித்தியாசம் 3 செ.மீ.க்குள். குறிப்பலகையில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. என்பதால், நடுவில் பட வேண்டிய அம்பு இன்னும் பத்துக்குள்தான் படும். 65 விழுக்காட்டிலிருந்து 90க்குப் போனால் வித்தியாசம் 6 செ.மீ.யைத் தாண்டும், பத்து ஒன்பதாகிவிடும். ஹாங்சோவில் ஜோதி சுரேகா தனிநபர் தங்கத்தை வென்றது 149க்கு 145 என்ற கணக்கில். 15 அம்புகளில் அவர் இழந்தது ஒரே ஒரு புள்ளி.